ஹைட்ரஜன் குளோரைடு வாயு அமிலமா? உலர்ந்த லிட்மஸ் தாள் ஏன் சிவந்தது?

பதிவு 1: நீலத்தாள்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்பில் வேதியியல் படிக்கும் மாணவன். சென்ற வாரம் ஆய்வக வகுப்பில் சோடியம் குளோரைடுடன் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்து, இலேசாகச் சூடாக்கி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைத் தயாரித்தோம். உலர்ந்த வாயு உலர்ந்த நீல லிட்மஸ் தாளை மாற்றாது, ஈரமான தாளை மட்டுமே சிவப்பாக்கும் என்று பாடநூலில் உள்ளது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று சுருளிலிருந்து ஒரு தாளைக் கையால் கிழித்தெடுத்து, இடுக்கியில் பிடித்து வாயுச் சாடிக்குள் இறக்கினேன். முதல் சில நொடிகள் தாள் நீலமாகவே இருந்தது. பிறகு, கிழிக்கும்போது என் கட்டைவிரல் பட்டிருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு தோன்றியது. சிறிது நேரத்தில் தாள் முழுவதும் மங்கலாகச் சிவந்துவிட்டது.

பதிவேட்டில் 'மாற்றம் இல்லை' என்றுதான் எழுதினேன், ஏனென்றால் நூலில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் கண்டது அதுவல்ல என்பது மனத்தை உறுத்துகிறது. என் கேள்விகள் இரண்டு: தாள் ஏன் சிவந்தது? உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு அமிலம்தானா, இல்லையா?

பதிவு 2: பியூரெட்

பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கண்டது பிழையல்ல. கட்டைவிரல் பட்ட இடம் முதலில் சிவந்தது என்ற அந்த ஒரு வரியிலேயே உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. விரலில் வியர்வை இருந்தது. வியர்வையில் நீர் இருந்தது. அந்த நீரில் வாயு கரைந்து அமிலமானது. தாளின் மற்ற பகுதி பின்னால் சிவந்ததற்கும் அதே காரணம்தான். நாம் 'உலர்ந்த தாள்' என்று சொல்லும் தாள் தொட்டுப் பார்த்தால் ஈரமாகத் தெரியாது, அவ்வளவுதான். காகிதம் என்பது செல்லுலோஸ். அது காற்றிலுள்ள நீராவியை எப்போதும் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். ஹைட்ரஜன் குளோரைடைப் போல நீரின் மீது இவ்வளவு வேட்கையுள்ள வாயுவுக்கு அந்தச் சிறு ஈரமே போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாயு நிலையில் ஹைட்ரஜன் அணுவும் குளோரின் அணுவும் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சகப்பிணைப்பால் இணைந்திருக்கின்றன. குளோரினின் எலக்ட்ரான் கவர்திறன் கூடுதலாக இருப்பதால் அந்த இணை குளோரின் பக்கம் சாய்ந்திருக்கிறது; எனவே மூலக்கூறு முனைவுற்றது. ஆனால் முனைவுற்றது என்பதும் அயனியானது என்பதும் ஒன்றல்ல, மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான். அந்த வாயுவில் தனி ஹைட்ரஜன் அயனி இல்லை. நீரில் கரையும்போது நீர் மூலக்கூறின் ஆக்ஸிஜன் தன் தனித்த எலக்ட்ரான் இணையால் ஹைட்ரஜனைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. ஹைட்ரோனியம் அயனியும் குளோரைடு அயனியும் உண்டாகின்றன. லிட்மஸைச் சிவப்பாக்குவதும், மெக்னீசியத்தைக் கரைப்பதும், மின்சாரத்தைக் கடத்துவதும் இந்த அயனிகளின் வேலை. ஆகவே, உலர்ந்த வாயு அமிலம் அல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம் எனப்படும் அதன் நீர்க்கரைசலே அமிலம் என்பது என் விடை.

இதை நீர் இல்லாமலும் சோதிக்கலாம். உலர்ந்த வாயுவை உலர்ந்த டொலுவீனில் கரைத்தால் அது கரையும். ஆனால் அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது, பளிங்குக் கல்லைப் போட்டால் ஒரு குமிழிகூட எழாது. அதே கரைசலில் நீரை ஊற்றிக் குலுக்கினால், கீழே தங்கும் நீரடுக்கு உடனே மின்சாரத்தைக் கடத்தும். கல்லின் மேல் குமிழிகள் பொங்கும். பொருள் அதேதான், கரைப்பான் மாறியவுடன் நடத்தை மாறிவிடுகிறது.

பதிவு 3: முகவை

ஆய்வக உதவியாளராகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர் தாளைப் பற்றிச் சொன்னார். நான் வாயுவைப் பற்றிக் கேட்கிறேன். குடுவையிலிருந்து வந்த வாயுவை அடர் கந்தக அமிலம் வழியாகச் செலுத்தினீர்களா, அல்லது நேரே சாடிக்குள் விட்டீர்களா? சாடியைக் கழுவிய பின் எப்படி உலர்த்தினீர்கள்?

பதிவு 4: நீலத்தாள்

நேரேதான் விட்டோம், அம்மா. சாடியைத் துணியால் துடைத்தோம். உலர்த்துவதற்குச் சுட்ட சுண்ணாம்பு ஒரு புட்டி நிறைய இருந்தது. அதைப் பயன்படுத்தியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மோனியாவை அதனால்தானே உலர்த்துகிறோம்?

பதிவு 5: முகவை

தயவுசெய்து சுண்ணாம்பைப் பயன்படுத்தாதீர்கள். அம்மோனியா காரத்தன்மை உடையது, சுண்ணாம்பும் அப்படியே. அதனால் ஒன்றையொன்று தொடாது. ஹைட்ரஜன் குளோரைடோ சுட்ட சுண்ணாம்புடன் வினைபுரிந்து கால்சியம் குளோரைடாகிவிடும். உலர்த்தப் போன வாயுவே காணாமல் போகும். அந்த வினையில் நீரும் உண்டாகும் என்பதால் மிஞ்சும் வாயு முன்னிலும் ஈரமாக வெளியே வரும். பாஸ்பரஸ் பென்டாக்சைடும் இதற்கு ஆகாது. அது மிகச் சிறந்த உலர்த்திதான் என்றாலும் இந்த வாயுவுடன் வினைபுரியும். அடர் கந்தக அமிலமே இதற்கு உரியது. நீரற்ற கால்சியம் குளோரைடும் பயன்படும், ஏனெனில் அதில் ஏற்கெனவே குளோரைடுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு முறை தவறு நேர்ந்தது. பணியில் சேர்ந்த புதிதில், மீந்த வாயுவைக் கரைத்துவிடலாம் என்று போக்குக் குழாயின் முனையை நேராக முகவையிலிருந்த நீரில் அமிழ்த்தி வைத்தேன். குமிழிகள் வந்துகொண்டிருந்த வரை சிக்கல் இல்லை. அடுப்பை அணைத்தேன், வாயு வருவது தணிந்தது, குழாய்க்குள்ளிருந்த வாயு முழுவதும் நீரில் கரைந்துபோக, நீர் குழாயில் ஏறத் தொடங்கியது. அது விரலளவு ஏறும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூடான அடர் கந்தக அமிலம் இருந்த குடுவைக்குள் அந்த நீர் விழுந்ததும் குடுவை விரிசல் விட்டு, உள்ளிருந்தது மேசை முழுவதும் சிந்தியது. யாருக்கும் காயமில்லை. அன்றிலிருந்து குழாயின் முனையில் ஒரு புனலைக் கவிழ்த்துப் பொருத்தி, அதன் விளிம்பு நீர்மட்டத்தை மட்டும் தொடுமாறு வைக்கிறேன். நீர் புனலுக்குள் ஏறினால் முகவையின் மட்டம் இறங்கும். விளிம்பு நீரைவிட்டு விலகும். காற்று உள்ளே புகும். ஏறிய நீர் திரும்ப விழுந்துவிடும். நான் இருக்கும் ஆய்வகத்தில் கவிழ்த்த புனல் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்க விடுவதில்லை.

பதிவு 6: மோல்கணக்கு

ஆசிரியர் 'நீர் இழுத்துக்கொள்கிறது' என்று எழுதியதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆற்றல் கணக்கு இருக்கிறது என்பதைக் காட்ட விரும்புகிறேன். ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 431 கிலோ ஜூல் வேண்டும். விடுபட்ட ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 1312 கிலோ ஜூல் வேண்டும். அந்த எலக்ட்ரானைக் குளோரின் அணு ஏற்கும்போது ஏறத்தாழ 349 கிலோ ஜூல் திரும்பக் கிடைக்கும். கூட்டிக் கழித்தால், நீரின் துணையில்லாமல் இந்த மூலக்கூறை இரண்டு அயனிகளாகப் பிரிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1394 கிலோ ஜூல் தேவை. சாதாரண வெப்பநிலையில் வாயுவுக்கு அவ்வளவு ஆற்றலை யாரும் தருவதில்லை. அது பிரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் இந்த வாயு நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதில்லை, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 75 கிலோ ஜூல் வெளியிடுகிறது. முகவையைக் கையால் தொட்டாலே சூடு தெரியும். அப்படியானால் இரண்டு அயனிகளையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது வெளியாகும் ஆற்றல் 1394-ஐயும் ஈடுகட்டி, மேலும் 75-ஐயும் தந்திருக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 1470 கிலோ ஜூல். நீரை வெறும் கரைப்பான் என்று எண்ணுவது இந்த இடத்தில் பொருந்தாது. பிணைப்பை உடைப்பதற்கான விலை முழுவதையும் கொடுப்பது நீர்தான். டொலுவீனால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

பதிவு 7: வெண்புகை

ஆசிரியரின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் 'உலர்ந்த வாயு அமிலம் அல்ல' என்று அறுதியாக முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அம்மோனியா கரைசலில் தோய்த்த கண்ணாடிக் கோலை ஹைட்ரஜன் குளோரைடு சாடியின் வாயருகே கொண்டுபோனால் அடர்ந்த வெண்புகை எழுகிறது. நாம் அனைவரும் இதை வாயுவைக் கண்டறியும் சோதனையாகவே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அங்கே நடப்பதைப் பாருங்கள். ஹைட்ரஜன் குளோரைடு தன் புரோட்டானை அம்மோனியாவுக்குக் கொடுக்கிறது. விளையும் வெண்ணிறத் திண்மத்தில் அம்மோனியம் அயனியும் குளோரைடு அயனியும் இருக்கின்றன. இது அமில-கார வினை அல்லாமல் வேறென்ன? நீர்க்கரைசல் என்ற பேச்சே இங்கே இல்லை. 1923-இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே முன்வைத்த வரையறைப்படி, புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம். அந்தக் கண்ணால் பார்த்தால் வாயு நிலையிலும் ஹைட்ரஜன் குளோரைடு அமிலமே. கொடுப்பதற்கு ஆள் இல்லாததால் சாடிக்குள் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். லிட்மஸ் தாளுக்கு வேண்டியது ஏற்கும் ஒரு மூலக்கூறு. உங்கள் சோதனையில் அது வியர்வையில் கிடைத்தது.

அமிலம் என்ற சொல்லின் பொருளையே இந்த வாயு ஒரு முறை மாற்றியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அமிலங்களிலும் ஆக்ஸிஜன் உண்டு என்று லவாய்சியர் கருதினார். ஆக்ஸிஜன் என்ற பெயரின் பொருளே 'அமிலத்தை உண்டாக்குவது' என்பதுதான். உப்பிலிருந்து பெறப்பட்ட இந்த அமிலத்திலும் ஆக்ஸிஜன் இருந்தாக வேண்டும் என்று அக்காலத்தவர் தேடினார்கள். 1810-இல் டேவி, குளோரின் ஒரு தனிமம் என்றும், அதில் ஆக்ஸிஜன் இல்லை என்றும் நிறுவினார். அத்துடன் அமிலத்தன்மைக்கு ஆக்ஸிஜன் கட்டாயம் என்ற கருத்தும் தளர்ந்தது. அதற்கும் முன்பு, 1772-இல், பிரீஸ்ட்லி இந்த வாயுவைத் தனியே பிடித்தார். நீரின் மேல் சேகரிக்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் பாதரசத்தின் மேல் சேகரித்தார். நான் அதிகம் மதிக்கும் ஆய்வுநுட்பங்களில் இதுவும் ஒன்று.

பதிவு 8: பியூரெட்

வெண்புகை சொல்வது சரி. நான் அர்ஹீனியஸின் வரையறைக்குள் நின்றுகொண்டு, அந்த வரையறையின் பெயரைச் சொல்லாமல் தீர்ப்பு வழங்கிவிட்டேன். அந்த வரையறைப்படி, நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவதே அமிலம். எனவே நீர் இல்லாமல் அமிலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரான்ஸ்டெட் வரையறைப்படி அமிலம் என்பது ஒரு பொருள் தனியே சுமந்திருக்கும் பண்பு என்பதைவிட, வேறொன்றுடன் சேரும்போது அது செய்யும் செயல் என்று சொல்வதே பொருந்தும். நீலத்தாள், தேர்வில் உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் முதல் வரையறையை ஒட்டியே இருக்கும். 'உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடில் ஹைட்ரஜன் அயனிகள் இல்லை, அதனால் உலர்ந்த லிட்மஸை மாற்றாது' என்று எழுதினால் அது இரண்டு வரையறைகளுக்கும் பொருந்தும். 'அது அமிலமே அல்ல' என்று எழுத வேண்டிய தேவை இல்லை.

பதிவு 9: தராசு

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கும் இரண்டு ஐயங்கள். சோடியம் குளோரைடிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கந்தக அமிலம் வெளியேற்றுவதற்குக் காரணம், வலிமை மிக்க அமிலம் வலிமை குறைந்த அமிலத்தை வெளியேற்றும் என்பதுதானே? மேலும், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியைத் திறந்தால் வரும் வெண்ணிறப் புகைதானே ஹைட்ரஜன் குளோரைடு வாயு? அப்படியென்றால் அதை நிறமற்ற வாயு என்று ஏன் எழுதுகிறார்கள்?

பதிவு 10: வெண்புகை

முதல் ஐயத்துக்கு: வலிமையை வைத்து இதை விளக்க முடியாது, ஏனெனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறத்தாழ முழுமையாக அயனியுறும் வலிமை மிக்க அமிலம். இங்கே வேலை செய்வது ஆவியாகும் தன்மை. ஹைட்ரஜன் குளோரைடின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 85 டிகிரி செல்சியஸ். அடர் கந்தக அமிலமோ 300 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். கலவையில் ஹைட்ரஜன் குளோரைடு உண்டானவுடன் வாயுவாக வெளியேறிவிடுகிறது. வெளியேறியது திரும்பி வந்து வினையைப் பின்னோக்கி நடத்த முடியாது. எனவே வினை முன்னோக்கியே செல்கிறது. இலேசான சூட்டில் சோடியம் பைசல்பேட்டுடன் வினை நின்றுவிடும். சோடியம் சல்பேட் வரை கொண்டுபோக மிகக் கூடுதலான வெப்பம் வேண்டும், கண்ணாடிக் குடுவையில் அதற்கு முயலக் கூடாது.

இதே முறையில் ஹைட்ரஜன் அயோடைடைத் தயாரிக்க முடியாது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அயோடைடு எளிதில் எலக்ட்ரானை இழக்கும். அடர் கந்தக அமிலம் அதை அயோடினாக ஆக்ஸிஜனேற்றிவிடும். குளோரைடு தன் எலக்ட்ரானை இறுகப் பிடித்திருப்பதால் தப்பிக்கிறது.

இரண்டாவது ஐயத்தை மற்றவர்களுக்கு விடுகிறேன்.

பதிவு 11: மோல்கணக்கு

புட்டியின் வாயில் நீங்கள் காண்பது வாயு அல்ல, மிக நுண்ணிய நீர்மத் துளிகள். புட்டியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணுக்குத் தெரியாது. அது காற்றிலுள்ள நீராவியைச் சந்திக்கும்போது, இரண்டும் சேர்ந்த கரைசலின் ஆவியழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், தனித்தனியே வாயுவாக இருந்த இரண்டும் சேர்ந்து துளிகளாகச் சுருங்குகின்றன. புட்டியின் வாயை உற்றுப் பாருங்கள்: கழுத்துக்குள் ஒன்றும் தெரியாது, விளிம்பைத் தாண்டி வெளிக்காற்றோடு கலக்கும் இடத்தில்தான் வெண்மை தொடங்கும். மழைநாளில் புகை கூடுதலாகவும், வறண்ட நாளில் குறைவாகவும் இருக்கும்.

இதற்கும் கொதிநிலை மாறாக் கலவை என்று நாம் படிப்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு. நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு அறைவெப்பநிலையிலேயே வாயு. இரண்டையும் கலந்தால் கொதிநிலை இடையில் எங்கோ இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் நிறையளவில் ஏறத்தாழ 20.2 விழுக்காடு ஹைட்ரஜன் குளோரைடு உள்ள கரைசல் 108.6 டிகிரி செல்சியஸில், அதாவது நீரையும்விட உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. அயனிகளும் நீரும் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன. அடர் அமிலத்தைக் கொதிக்க வைத்தால் முதலில் பெருமளவு ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். நீர்த்த அமிலத்தைக் கொதிக்க வைத்தால் முதலில் பெருமளவு நீர் வெளியேறும். இரண்டும் கடைசியில் இந்த 20.2 விழுக்காட்டில் வந்து நிற்கும். அதற்கு மேல் கொதிக்க வைத்தும் பிரிக்க முடியாது. கடையில் வாங்கும் அடர் அமிலத்தில் 37 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 12 மோல் இருக்கிறது. அது கொதிநிலை மாறாக் கலவையைவிடச் செறிவானது என்பதால்தான் திறந்தவுடன் புகைகிறது.

பதிவு 12: நீலத்தாள்

நன்றி. ஊற்றுச் சோதனையை, அதாவது துளிக்குழாயால் சிறிது நீரை விட்டதும் வாயு கரைந்து, கீழிருந்து லிட்மஸ் நீர் குடுவைக்குள் ஊற்றாகப் பீறிடும் சோதனையை, அடுத்த வாரம் செய்துகாட்டப் போகிறார்கள். குடுவையில் எவ்வளவு நீர் நுழைந்தால் ஊற்று தொடங்கும்?

பதிவு 13: முகவை

சொட்டுக்கணக்கில்தான். அறைவெப்பநிலையில் ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 450 பங்கு ஹைட்ரஜன் குளோரைடைக் கரைக்கும். அப்படியானால் 250 மில்லி குடுவையில் உள்ள வாயு முழுவதையும் கரைக்க ஒரு மில்லி நீரே தாராளம். துளிக்குழாயை அழுத்தியதும் ஓரிரு நொடிகள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு குழாயின் நுனியில் முதல் துளி எட்டிப் பார்க்கும். அடுத்த கணம் நீலமாக ஏறிய லிட்மஸ் நீர் குடுவைக்குள் சிவப்பாகச் சிதறும். குடுவையின் உட்புறம் ஈரமாக இருந்தால் வாயு முன்கூட்டியே கரைந்து, ஊற்று வலுவிழந்துவிடும். சோதனை தோற்றதாகச் சொல்லிக் கொண்டுவரப்படும் குடுவைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஈரம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உருண்டை அடிக் குடுவையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் சட்டென்று குறையும்போது தட்டை அடிக் குடுவை உடைய வாய்ப்புண்டு.

பதிவு 14: மோல்கணக்கு

முகவை சொன்னதற்கு ஒரு சிறு கணக்கைச் சேர்க்கிறேன். குடுவை முழுவதும் உலர்ந்த வாயுவால் நிரம்பியிருந்து, கடைசியில் முழுவதும் நீரால் நிரம்பினால், கிடைக்கும் அமிலத்தின் செறிவு என்ன? அறைவெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைக்கும். அதே கனஅளவு நீரில் அது கரைகிறது. ஆகவே செறிவு லிட்டருக்கு 1/24 மோல், அதாவது ஏறத்தாழ 0.042 மோல், பிஎச் மதிப்பு ஏறத்தாழ 1.4. குடுவை சிறியதா பெரியதா என்பது இந்த விடையில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊற்று முடிந்ததும் குடுவையிலிருந்து 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பார்த்துப் பாருங்கள். குடுவையில் காற்று மீந்திருந்தாலும் செறிவு மாறாது; நீர் நிரம்பாமல் நின்ற இடத்தின் அளவிலிருந்து, எவ்வளவு காற்று மீந்திருந்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

பதிவு 15: தராசு

உலோகங்களுடனான வினைகளைப் பற்றியும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். இரும்புடன் வினைபுரிந்தால் ஃபெரிக் குளோரைடு கிடைக்கும் என்று எழுதி மதிப்பெண் இழந்தேன்.

பதிவு 16: பியூரெட்

நீங்கள் மட்டுமல்ல, ஆண்டுதோறும் பலர் அந்த இடத்தில் இழக்கிறார்கள். கிடைப்பது ஃபெரஸ் குளோரைடு. இங்கே இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பெறுவது ஹைட்ரஜன் அயனி. இரும்பை இரண்டு நேர்மின்னூட்ட நிலை வரை கொண்டுபோகும் வலிமைதான் அதற்கு உண்டு. மூன்று வரை கொண்டுபோகக் குளோரின் வேண்டும். எனவே சூடான இரும்பின் மேல் ஹைட்ரஜன் குளோரைடைச் செலுத்தினால் ஃபெரஸ், குளோரினைச் செலுத்தினால் ஃபெரிக். இந்த வேறுபாட்டை ஒரு முறை புரிந்துகொண்டால் மறக்காது.

துத்தநாகமும் மெக்னீசியமும் எளியவை. அலுமினியம் மட்டும் முதலில் அசையாமல் கிடக்கும். மேலே படிந்த ஆக்சைடு படலம் கரைந்த பிறகு வேகமெடுக்கும். தாமிரம் நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாது. காரீயம் தொடக்கத்தில் சிறிது வினைபுரிந்து, கரையாத காரீய குளோரைடு மேலே போர்த்திக்கொண்டதும் நின்றுவிடும். பளிங்குக் கல்லுக்கு நீர்த்த கந்தக அமிலத்தைவிட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே பயன்படுத்துவதற்கும் இதே வகைக் காரணம்தான்: கால்சியம் குளோரைடு கரைந்துபோகும், கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படிந்து வினையை அடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பகுதி. இந்த ஒரே அமிலம் துத்தநாகத்திடம் ஆக்ஸிஜனேற்றியாகவும், மாங்கனீஸ் டைஆக்சைடிடம் ஒடுக்கியாகவும் நடந்துகொள்கிறது. முதலாவதில் ஹைட்ரஜன் அயனி எலக்ட்ரானைப் பெறுகிறது. இரண்டாவதில் குளோரைடு அயனி எலக்ட்ரானை இழந்து குளோரினாகிறது. மாங்கனீஸ் டைஆக்சைடு ஒரு மோலுக்கு நான்கு மோல் ஹைட்ரஜன் குளோரைடு வேண்டும் என்று சமன்பாட்டில் இருந்தாலும், அவற்றில் இரண்டு மட்டுமே ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன; மீதி இரண்டு மாங்கனீஸ் குளோரைடில் குளோரைடாகவே தங்கிவிடுகின்றன. இந்த வினைக்கு அடர் அமிலமும் சூடும் கட்டாயம். திட்ட மின்னழுத்தங்களைப் (எலக்ட்ரானைப் பெறும் திறனின் அளவு) பார்த்தால் மாங்கனீஸ் டைஆக்சைடுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட், கணக்குப்படி வினை நடக்கவே கூடாது. ஆனால் அந்த மதிப்புகள் லிட்டருக்கு ஒரு மோல் செறிவுக்கானவை. 12 மோல் செறிவில் நிலைமை மாறுகிறது. உண்டாகும் குளோரினும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு 1.51 வோல்ட் இருப்பதால் அதற்குச் சூடே தேவையில்லை. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் அமிலச் சூழலுக்கு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்க்கச் சொல்வதும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதியைக் குளோரைடே தின்றுவிடும், பியூரெட் அளவு கூடுதலாக வரும்.

பதிவு 17: முகவை

ஆசிரியர் குளோரினைப் பற்றி எழுதியதால் ஓர் எச்சரிக்கை. கழுவுதொட்டியில் அமிலக் கழிவை ஊற்றும்போது அங்கே வெளுப்புநீரோ வெளுப்புத்தூளோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு எழும்.

பதிவு 18: நீலத்தாள்

ஆசிரியரின் அனுமதியோடு நேற்று சோதனையை மீண்டும் செய்தேன். லிட்மஸ் தாள்களை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, நீரற்ற கால்சியம் குளோரைடு இருக்கும் மூடிய கண்ணாடிக் கலனில் இரண்டு நாள் வைத்திருந்தேன். சாடியை அடுப்பில் உலர்த்தி, மூடி வைத்தே ஆறவிட்டேன். வாயுவை அடர் கந்தக அமிலம் வழியாகச் செலுத்தி, சாடியின் அடிவரை குழாயை இறக்கி, காற்றை மேல்நோக்கித் தள்ளிச் சேகரித்தோம். கவிழ்த்த புனலையும் வைத்திருந்தோம்.

தாளை இறக்கினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். தாள் நீலமாகவே இருந்தது. இரண்டாவது தாளை எடுத்து, அதன் நடுவில் மட்டும் கோல் நுனியால் ஒரு துளி வாலைவடிநீரைத் தொட்டுவைத்து இறக்கினேன். துளி இருந்த வட்டம் உடனே சிவந்தது. அதைச் சுற்றியிருந்த பகுதி நீலமாக நின்றது. வட்டத்தின் விளிம்பு நீர் பரவிய அளவுக்கு மட்டும் மெல்ல வெளியே நகர்ந்தது.

பதிவேட்டில் பழைய 'மாற்றம் இல்லை' என்ற வரியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, அதன் கீழே முதல் நாள் கண்டதை அப்படியே எழுதினேன்: 'தாள் விரல் பட்ட இடத்தில் முதலில் சிவந்தது, பின்னர் முழுவதும் சிவந்தது, தாளும் வாயுவும் உலர்த்தப்படவில்லை.' அடுத்த பக்கத்தில் நேற்றைய சோதனையை எழுதி, இரண்டு தாள்களையும் உலர்ந்தபின் ஒட்டியிருக்கிறேன்.

பதிவு 19: பியூரெட்

அந்த இரண்டாவது தாளின் வட்டத்தை அளந்து, விட்டத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

பதிவு 20: நீலத்தாள்

குறித்துவிட்டேன், ஐயா. 9 மில்லிமீட்டர்.